சுத்தமாகக் கழன்று வந்தது

அத்தியாயம் 14

வந்திருந்தவர்கள்:

கிருஷ்ணசாமி. கம்பெனியைத் தொடங்கியவர். முதுகுக்குத் தலையணை வைத்த நாற்காலியில்.

அருள்முருகன். அவருடைய மகன். பெங்களூரில் படித்து, அங்கேயே சில வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவன். லேப்டாப்புக்கு முன்னால்.

துர்கா. அருள்முருகனின் மனைவி. கணக்கு அவள் கையில். பிஸ்கட் தட்டும் அவள் கொண்டுவந்ததுதான்.

தனக்கொடி. கிருஷ்ணசாமியின் மூத்த மகள். மீன் வெட்டும் கூடத்துக்குப் பொறுப்பு. கடைசியாக வந்தாள். வாசலை ஒட்டிய நாற்காலிதான் மிச்சமிருந்தது.

நெல்லித்தோப்பில் இருக்கும் அந்த அலுவலகத்தின் வாசல் பலகையில் ‘கிருஷ்ணசாமி அண்டு சன்’ என்று எழுதியிருக்கும். பலகை எழுதியபோது தனக்கொடி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். சன் தொட்டிலில் கிடந்தான். டாட்டர் எங்கே என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. இன்றைக்கும் கேட்பதில்லை.

போன வாரம் கொச்சியிலிருந்து வந்த இரண்டு பேர் முத்தியால்பேட்டையிலுள்ள அவளுடைய கூடத்தைச் சுவர் சுவராக அளந்துவிட்டுப் போனார்கள். மொத்தமாக மீன் எடுக்க வந்தவர்கள் என்று நினைத்து, வஞ்சிரம் வறுத்து இலை போட்டவள் தனக்கொடி. அவர்களும் ருசித்துத்தான் சாப்பிட்டார்கள். எதற்காக அளந்தார்கள் என்பது இன்று தெரியப் போகிறது.

அருள்முருகன் சுவரில் படம் போட்டான். மூன்று பெட்டிகள். ஏலம், ஐஸ், வெட்டு. நடுவில் கோடுகள் கிடையாது.

இந்தப் பெட்டிக் கதை ஒரு வருடம் பழையது. அதற்கு முன் கம்பெனி ஒரே குழம்பாக இருந்தது. காலையில் துறைமுகத்தில் ஏலம் கூவுகிறவன் மத்தியானம் ஐஸ் உடைப்பான், சாயங்காலம் வீடுகளுக்கு மீன் கொண்டுபோவான். லாபம் எதில், நஷ்டம் எதில் என்று கேட்டால் கிருஷ்ணசாமி வானத்தைப் பார்ப்பார். அருள்முருகன் வந்தான். ஒவ்வொரு பிரிவும் தனக்கென்று ஆள், தனக்கென்று கணக்கு, தனக்கென்று வாசல் வைத்துக்கொண்டு தனியாக நிற்க வேண்டும் என்றான். ஒரு பிரிவு இன்னொரு பிரிவுக்கு எதைக் கொடுத்தாலும் எடையும் விலையும் போட்டுத்தான் கொடுக்க வேண்டும். ஒருத்தர் வேலையில் மற்றவர் மூக்கை நுழைக்கக் கூடாது. மாடுலர் என்று அதற்குப் பெயர் சொன்னான்.

அப்பாவுக்குப் புரியவில்லை. கருவடிக்குப்பம் வீட்டில் புதிதாகப் போட்ட சமையலறைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனான். திருப்புளியால் ஒரு அலமாரியைக் கழற்றிக் கீழே வைத்தான்.

“பாத்தீங்களா நைனா, ஒன்ன எடுத்தா இன்னொன்னு ஆடாது. கம்பெனியும் இப்படி இருக்கணும்.”

கிருஷ்ணசாமி அலமாரியைப் பார்க்கவில்லை. அது இருந்த இடத்தில் தெரிந்த வெறும் சுவரைப் பார்த்தார்.

“அந்த எடத்துல என்னா வைப்ப?” என்று மட்டும் கேட்டார்.

மகன் சிரித்துவிட்டான்.

புதிய முறையை முதலில் ஏற்றுக்கொண்டவள் தனக்கொடி. அவளுக்குக் காரணம் இருந்தது. ஏலத்தில் விலை போகாத மீனெல்லாம் அவள் தலையில் வந்து விழுந்துகொண்டிருந்தது. அதற்கு வீட்டில் மிச்சம் என்று பெயர். ஐஸ் பிளான்ட்டுக்கும் வெட்டும் கூடத்துக்கும் நடுவே இருக்கும் கதவடியில் எடை இல்லாமல், கணக்கு இல்லாமல் கூடை கூடையாகக் கொட்டிவிட்டுப் போவார்கள். பாதி, செவுள் வெளுத்த மீனாக இருக்கும். பெண்கள் உட்கார்ந்து பொறுக்கிக் கழிப்பார்கள். வருடக் கடைசியில் வெட்டுப் பிரிவு நஷ்டம் என்று சொல்வார்கள். காரைக்காலில் புருஷன் வீட்டில் வாழப் பிடிக்காமல் மகளோடு திரும்பி வந்து அந்தக் கூடத்தில் உட்கார்ந்த நாளிலிருந்து வருடம் தவறாமல் அவள் கேட்ட வார்த்தை அது.

அதனால் நடுக்கதவடியில் ஒரு தராசு வாங்கி வைத்தாள். முதல் நாள் கூடையோடு வந்தவர் அப்பாவே.

“என் மீன எனக்கே எட போடுறியா?”

“எட போட்டாதான் நைனா, யாரோட நஷ்டம்னு தெரியும்.”

கூடையைத் தராசில் வைத்துவிட்டு எண்ணைப் பார்க்காமல் போனார். அதற்குப் பிறகு அந்தக் கதவுப் பக்கம் அவர் வரவே இல்லை.

ஆனால் கூடம் நிமிர்ந்தது. கெட்ட மீன் உள்ளே வருவது நின்றது. வேன் வந்தது, செல்போனில் ஆர்டர் வந்தது, அருவாமனையில் உட்காரும் பெண்களுக்கு மாதச் சம்பளம் வந்தது. மற்ற இரண்டு பிரிவையும் திட்டும்போதெல்லாம் அருள்முருகன் அக்காவைத்தான் உதாரணம் காட்டினான். அந்தப் பெருமையில் அவள் கொஞ்சம் குளிர்ந்தும் போயிருந்தாள். அதை மறைப்பதில் பயனில்லை.

இன்றும் முதலில் பாராட்டினான். பிறகு லேப்டாப்பில் எதையோ தட்டினான். மூன்றாவது பெட்டி மட்டும் நகர்ந்து படத்தின் ஓரத்துக்குப் போனது.

“அக்கா, ஒன் பிரிவ கொச்சிக் கம்பெனி ஒன்னு கேக்குது. குடுத்துடலாம்னு முடிவு பண்ணியிருக்கோம்.”

“யாரு முடிவு பண்ணது?”

“நைனாவும் நானும்.”

கிருஷ்ணசாமி பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

லாபம் வருகிற பிரிவை ஏன் விற்க வேண்டும், ஐஸை விற்றால் என்ன என்று தனக்கொடி கேட்டாள். அருள்முருகன் எதையும் மறைக்கவில்லை. மறைத்திருந்தால்கூட வலி குறைந்திருக்கும். ஏலத்தை யாரும் வாங்க மாட்டார்கள், ஏனென்றால் அது அப்பாவின் தலையாட்டலில் ஓடுகிறது, படகுக்காரர்கள் அவர் முகத்துக்குத்தான் மீன் இறக்குகிறார்கள். ஐஸையும் வாங்க மாட்டார்கள். சோலை நகர்ப் படகுகள் விடியலில் வாய்வார்த்தையில் ஐஸ் பார் ஏற்றிக்கொண்டு போகின்றன, சீட்டு வாங்கு என்று சொன்னால் அப்பாவைக் கூப்பிடுகிறார்கள். ஒரு வருடம் முட்டிப் பார்த்தும் இரண்டையும் அவரிடமிருந்து பிரிக்க முடியவில்லை. கடல் விஸ்தாரமாகக் கிடக்கிறது, புதுப் படகு வாங்கப் பணம் வேண்டும், விற்கக்கூடியது எதுவோ அதைத்தான் விற்க முடியும்.

“ஒன்னுதுதான் அக்கா சுத்தமா கழண்டு வருது.”

ஒழுங்கில்லாமல் வைத்திருந்தவர்கள் தப்பித்துக்கொண்டார்கள். தராசு வைத்தவள் மாட்டிக்கொண்டாள்.

“நானு?” என்று கேட்டாள்.

“நீயும் அதுல வர்ற. ரெண்டு வருஷம் நீ இருக்கணும்னு கேக்குறாங்க. நீ இல்லாம அது ஓடாதாம். பெருமதான.”

“அருவாமன, தராசு, வேனு, அக்கா. அப்படித்தான?”

அவன் துர்காவைப் பார்த்தான். துர்கா சொன்னாள்.

“சம்பளம் கூடத்தான் வரும் அண்ணி. பி.எஃப். எல்லாம் உண்டு. இங்க உங்களுக்கு என்னா இருக்கு?”

முதல் வாக்கியம் ஆறுதலுக்காக. கடைசி வாக்கியம் வாய் தவறி. ஆனால் கடைசி வாக்கியம்தான் உண்மை. கல்யாணத்தின்போதே சீர் செய்தாயிற்று என்று சொல்லி, கம்பெனியில் பங்கில்லை என்று அவளிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். பத்திரம் எழுதுகிறவரை கிருஷ்ணசாமி இன்னும் பிரெஞ்சுக்காரர் காலத்துப் பேரில் நொத்தேர் என்றுதான் சொல்வார். மகள் வாழாமல் திரும்பி வந்தபோது கட்டில் வாங்கிப் போட்டார், பேத்திக்குப் பள்ளியில் இடம் வாங்கினார். நொத்தேரை மட்டும் மறுபடி கூப்பிடவில்லை.

“நைனா, நீங்க ஒன்னும் சொல்லலியே.”

அவர் தொண்டையைச் செருமினார். “நொத்தேரு சாயந்தரம் வரச் சொல்லியிருக்காரு” என்றார்.

அவ்வளவுதான் அவர் பேசியது.

கொச்சிக்காரர்களின் நிபந்தனை ஒன்று பாக்கி இருந்தது. அவர்கள் வாங்குவது தனி இடமாக இருக்க வேண்டும். கையெழுத்துக்கு முன்னால் நடுக்கதவைப் பூட்டி, பூட்டிய கதவைப் படமெடுத்து அனுப்ப வேண்டும்.

“அதுக்கப்புறம் ரெண்டு பக்கத்துக்கும் ஒட்டும் இல்ல, ஒறவும் இல்ல” என்றான் அருள்முருகன்.

கட்டடத்தைப் பற்றித்தான் சொன்னான். சொன்ன பிறகு லேப்டாப்பை மூடி மறுபடியும் திறந்தான்.

தனக்கொடி பிஸ்கட் எடுக்காமல் எழுந்தாள்.

*

முத்தியால்பேட்டையில் அந்த இடம் இரண்டு தெருவைத் தொட்டுக்கொண்டிருக்கும். முன் தெருவில் ஐஸ் பிளான்ட். பின் தெருவில் வெட்டும் கூடம். நடுவே சுவர், சுவரில் அந்தக் கதவு. தனக்கொடிக்குப் பின் தெருவில் வாசல் இருந்தும், ஸ்கூட்டரை முன் தெருவில் நிறுத்திவிட்டு ஐஸ் வழியாக நடந்து போவதுதான் பழக்கம். இன்றும் அப்படித்தான் நுழைந்தாள்.

செம்மல் ஐஸ் அச்சுகளில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தான். அவன் ஏலக்கூடத்து ஆள். இங்கே வந்து மூன்று மாதம் ஆகிறது. அதற்கு முன் இராமதாஸ் என்ற பழைய ஆள் இருந்தார். ஆட்களும் கழற்றி மாட்டக்கூடியவர்களாக இருக்க வேண்டும் என்று அருள்முருகன் அவரைத் துறைமுகத்துக்கு அனுப்பிவிட்டு, துறைமுகத்தில் இருந்த இவனை இங்கே மாட்டியிருந்தான்.

“பூட்டு வந்துடுச்சிக்கா” என்றான் செம்மல், அவள் முகத்தைப் பார்க்காமல். மேஜைமேல் புதுப் பூட்டு அட்டைப் பெட்டியோடு இருந்தது.

அச்சுக்குள் தண்ணீர் விழும் சத்தம் பெரிதாக இருந்தது. நல்ல வேகம். தனக்கொடி நின்றாள்.

“தண்ணி எங்கேருந்து வருது செம்மல்?”

“தெருக் கொழாதானக்கா?”

தெருக்குழாய் இல்லை. இவ்வளவு ஐஸுக்குத் தெருக்குழாய் காணாது. கடல் பக்கத்தில் இருப்பதால் அங்கே எங்கே தோண்டினாலும் உப்புத்தான். அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது அப்பா இந்த இடத்தில் மூன்று பக்கம் போர் போட்டார். பின் மூலையில் மட்டும்தான் நல்ல தண்ணீர் வந்தது. அங்கிருந்து தரைக்கு அடியில் குழாய் பதித்து முன்பக்கம் ஐஸுக்குக் கொண்டுவந்தார். பிற்பாடு அந்தப் பின் மூலையைச் சுற்றித்தான் வெட்டும் கூடம் கட்டினார்கள். மோட்டார் அங்கே. தொட்டியில் தண்ணீர் குறைந்தால் தானாக ஓடும். குழாயைத் திறந்து மூடும் பச்சை வால்வு நடுக்கதவுக்கு அந்தப் பக்கம், அவளுடைய தராசு மேஜைக்கு அடியில்.

அதை மூடிப் பார்த்தவர்கள் யாரும் கிடையாது. அதனால் அது இருப்பதே எல்லாருக்கும் மறந்துவிட்டது. போன வருடம் இன்ஜினியரைக் கூட்டிக்கொண்டு இரு பக்கத்தையும் பிரித்தவள் அவளேதான். மின்சார மீட்டரை இரண்டாக்கினாள். சாக்கடையை இரண்டாக்கினாள். கழிப்பறையை இரண்டாக்கினாள். தரைக்கு அடியில் கிடந்தது அவளுக்கும் நினைவுக்கு வரவில்லை. மோட்டார் தன் கூடத்துக்குத்தான் ஓடுகிறது என்று அவளும் நினைத்துக்கொண்டிருந்தாள். வரைபடத்தில் அந்தக் குழாய் இல்லை. கொச்சிக்காரர்கள் அளந்ததில் இல்லை. சாயங்காலம் எழுதப் போகும் பத்திரத்திலும் இல்லை.

ஆக, அவளுடைய பிரிவு சுத்தமாகக் கழன்று வரவில்லை. ஐஸின் தொண்டைக்குழாயை இழுத்துக்கொண்டு வருகிறது.

அவள் கதவைத் தாண்டிக் கூடத்துக்குள் போனாள். அருவாமனைகளுக்கு முன்னால் பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சேதி அவளுக்கு முன்னால் வந்து சேர்ந்துவிட்டது. இருப்பவர்களில் மூத்தவளான பச்சையம்மாள் மட்டும் சங்கராவைச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள்.

“கொச்சிக்காரன் நம்மளயும் எட போட்டுத்தான் வாங்குறானா, கொடி?”

“என்னைய வாங்கியாச்சு. உங்களக் கேட்டுச் சொல்றேன்.”

“எனக்கு எட கம்மி. பாத்துச் சொல்லு.”

ஒருத்தி சிரித்தாள். மற்றவர்கள் சிரிக்கவில்லை. மத்தியானம் ஆனால் அந்தக் கதவு வழியாகத்தான் உடைத்த ஐஸ் டப்பில் வரும். நாளையிலிருந்து தெருவைச் சுற்றிக்கொண்டு போய்ச் சீட்டு கொடுத்து வாங்க வேண்டும். அதற்குள் மீன் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும்.

தனக்கொடி தராசு மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மேஜைக்கு அடியில் பச்சைச் சக்கரம், தூசி படிந்து, செதில் ஒட்டி.

சாயங்காலத்துக்குள் சொன்னால் விற்பனை நிற்கும். பாதி ஒட்டியிருக்கும் பிரிவைக் கொச்சிக்காரர்கள் தொட மாட்டார்கள். கூடம் இங்கேயே இருக்கும், அவளும் இருப்பாள். வாசலை ஒட்டிய அந்த நாற்காலியும் இருக்கும். அருள்முருகன் ஐஸுக்கு வேறு தண்ணீர் தேடிக்கொண்டு அடுத்த வருடம் மறுபடியும் விற்பான். அப்போது இன்னும் சுத்தமாகக் கழன்று வரும், அவளே கழற்றிக் கொடுத்ததாக இருக்கும்.

சொல்லாவிட்டால் கூடம் போகும். அவளும் அதோடு போவாள், சம்பளக்காரியாக. ஆனால் போரும் வால்வும் இந்தப் பக்கம் இருப்பதால் தண்ணீரும் போகும். தண்ணீர் இல்லாமல் ஐஸ் இல்லை. ஐஸ் இல்லாமல் படகு வராது. படகு வராவிட்டால் அப்பா யாரைப் பார்த்துத் தலையாட்டுவார்?

கோபத்தில் யோசிக்கவில்லை. செவுளைப் பார்த்து, கண்ணைப் பார்த்து, வயிற்றை அமுக்கிப் பார்த்து மீனைத் தரம் பிரிப்பதுபோலத்தான் யோசித்தாள். பிறகு செல்போனை எடுத்தாள். ஒரே ஒரு தடவை அவனுக்கு வாய்ப்பு கொடுக்கத் தோன்றியது. தூக்கி வளர்த்த கை என்பது தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

“அருளு, கதவ மூடுறதுக்கு முன்னாடி ஒரு தடவ வா. ரெண்டு பக்கமும் நடந்து பாரு.”

“எல்லாம் பிளான்ல இருக்குக்கா.”

“பிளான்ல இல்லாதது இருந்தா?”

“ஐஸப் பத்தி ஐஸ் பாத்துக்கும். நீ ஒன் பிரிவு வேலயப் பாரு. அதான ரூலு? நீதான முதல்ல ஒத்துக்கிட்ட.”

அவன் சொன்னதில் தப்பில்லை. ஒத்துக்கொண்டவள் அவள்தான்.

“சரி” என்று வைத்துவிட்டாள்.

*

வெயில் இறங்கியபோது கார் முன் தெருவில் வந்து நின்றது. நொத்தேரிடம் போகிற வழியில் படமெடுத்துக்கொண்டு போவதாகத் திட்டம். அருள்முருகன் போனோடு இறங்கினான். கிருஷ்ணசாமி வேட்டியைச் சரிசெய்துகொண்டு மெதுவாக இறங்கினார். கையெழுத்துக்காக வெள்ளைச் சட்டை.

தனக்கொடி அப்போது ஐஸ் பக்கம் நின்றிருந்தாள். சுவரோரம் அவளுடைய குடையும், சாப்பாட்டுக் கூடையும் எப்போதும் இருக்கும். அதை எடுக்க வந்திருந்தாள்.

தம்பி அவளைப் பார்த்ததும், வருத்தம் வேண்டாம், வியாபாரம் வேறு வீடு வேறு, ஞாயிற்றுக்கிழமை கவிநிலாவைக் கூட்டிக்கொண்டு சாப்பிட வா என்று கோர்வையாகச் சொன்னான். காரிலேயே யோசித்து வைத்திருப்பான். கவிநிலா அவளுடைய மகள். மாமா வீட்டுப் புதுச் சமையலறையை அவளுக்குப் பிடிக்கும்.

தனக்கொடி தலையாட்டினாள். தலையாட்டுவது குடும்பத்தில் இருப்பதுதான்.

செம்மல் பூட்டை எடுத்தான். எடுத்தவன் கதவடியில் தயங்கி நின்றான்.

“இங்க குடு” என்றார் கிருஷ்ணசாமி.

தராசு வைத்த நாளுக்குப் பிறகு அவர் அந்தக் கதவுக்கு வருவது இதுதான் முதல் தடவை. நிலையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். தராசைப் பார்த்தார். பிறகு முதுகை வளைத்து மேஜைக்கு அடியில் பார்த்தார். மூன்று இடத்தில் போர் போட்டவர் அவர். குழாய் பதித்தவர் அவர். பச்சை வண்ணம் அடிக்கச் சொன்னவரும் அவர்.

நிமிர நேரமானது. நிமிர்ந்து மகளைப் பார்த்தார்.

பின்னால் செம்மல் திறந்துவிட்ட தண்ணீர் அச்சுகளில் விழுந்துகொண்டிருந்தது.

அருள்முருகன் போனில் வெளிச்சம் சரிபார்த்துக்கொண்டிருந்தான். “நைனா, நேரமாவுது. நொத்தேரு காத்துக்கினு இருப்பாரு.”

கிருஷ்ணசாமி அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“வேற ஏதாவது சொல்லணுமா, கொடி?”

அவர் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். மகனுக்கு முன்னால் அந்த வார்த்தையை அவளிடம் தள்ளிவிட்டார். காலையில் அலுவலகத்தில் பேசாமல் இருந்ததுபோலத்தான் இப்போதும். ஆனால் இரண்டு மௌனமும் ஒன்றில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. முதலாவது அவளை விற்றது. இரண்டாவது எதைச் செய்யப் போகிறது என்று அவருக்கும் தெரியும்.

குடையைக் கூடைக்குள் செருகிக்கொண்டாள்.

“என் பிரிவுல சொல்றதுக்கு ஒன்னுமில்ல நைனா.”

“சரி” என்றார் கிருஷ்ணசாமி.

அவள் கதவைத் தாண்டி, தராசைத் தாண்டித் தன் பக்கம் வந்து நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை. கதவு மூடியது. தண்ணீர்ச் சத்தம் பாதியாகக் குறைந்தது. நாதாங்கி இழுபட்டது. பூட்டு விழுந்தது. விழுந்த பூட்டை அப்பா ஒரு தடவை இழுத்துப் பார்த்தார்.